வீட்டாள் வரும் ஞாயிறு

எங்கள் பள்ளியில் எந்தப் பிள்ளையைப் பார்த்தும் "போய் உங்க அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வா" என்று சொல்லக் கூடாது. புதிதாக வருகிற ஆசிரியர்களுக்கு நான் சொல்கிற முதல் விதி இதுதான். பாடம் எப்படி நடத்துவது, எத்தனை மணிக்கு வருவது என்பதெல்லாம் அப்புறம். கோபம் வந்தால் கத்துங்கள், எனக்கே மூக்கு நுனியில்தான் கோபம், ஆனால் அந்த இரண்டு சொற்களை மட்டும் செருப்போடு சேர்த்து வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள் என்பேன். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அப்பா அம்மா உயிரோடு இல்லை. மீதிப் பாதியில் பல பேருக்கு இருந்தும் பக்கத்தில் இல்லை.

ஆகவே "வீட்டாளைக் கூட்டிட்டு வா" என்றுதான் சொல்வோம். வீட்டாள் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் சேர்ப்பதில்லை, ஆனால் யார் வேண்டுமானாலும் வீட்டாளாக இருக்கலாம். பிள்ளைதான் தேர்ந்தெடுக்க வேண்டும், அந்த ஆளும் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான். இதை ஊர்க் கூட்டத்தில் முதன்முதலில் சொன்னபோது பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. எங்கள் பக்கத்தில் 'எங்க ஊட்டு ஆளு' என்றால் புருஷன். "அப்போ எங்க ஊட்டு ஆளையே அனுப்பறேன் டீச்சரம்மா, எழுந்திருச்சா கூட்டிக்கோங்க" என்றாள் ஒருத்தி. சிரித்துச் சிரித்தே அந்தச் சொல் ஊரில் ஒட்டிக்கொண்டது. இப்போது ரேஷன் கடையில்கூட "நான் அந்தப் பொண்ணுக்கு வீட்டாளு" என்று சொல்லி வரிசையில் முன்னால் போகப் பார்க்கிறார்கள்.

பள்ளி இருப்பது அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலிருந்து ஒரு வயல் தள்ளி. ஒரு விவசாயக் குடும்பம் நெல் மூட்டை அடுக்கக் கட்டிய கொட்டகையைக் கொடுத்தது. அரிசி ஒரு வீடு, பால் ஒரு வீடு, கரண்ட் பில் ஊர்க் கமிட்டி என்று ஓடுகிறது. அரசுப் பள்ளிக்கு நாங்கள் போட்டியில்லை. அங்கிருந்து நழுவி விழுந்த பிள்ளைகளைக் கையைப் பிடித்து எழுப்பி, தூசி தட்டி, மறுபடி அங்கேயே அனுப்பி வைப்பதுதான் எங்கள் வேலை. அனுப்பினாலும் சில பிள்ளைகள் சாயங்காலம் இங்கேயே வந்து நிற்கும். நான் வேங்கிக்காலில் இருந்து ஸ்கூட்டியில் வருகிறேன். என் கணவர் கலெக்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறார், எப்போது பார்த்தாலும் ஏதோ ஒரு கோப்பைத் தேடிக்கொண்டிருப்பார். நான் பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருப்பேன்.

எங்களுக்கு வாராந்திர விடுமுறை கிடையாது. பௌர்ணமியும் அதற்கு மறுநாளும்தான் லீவு. தொடங்கிய புதிதில் ஊர் உலகத்தைப் போல ஞாயிற்றுக்கிழமை விட்டுப் பார்த்தோம், ஆனால் பௌர்ணமி வந்தால் பள்ளியில் ஈ காக்கை இருக்காது. தண்ணீர் பாட்டில் விற்கவும், கற்பூரம் விற்கவும், பக்தர்களின் செருப்பைக் காவல் காக்கவும் எல்லாரும் பாதைக்குப் போய்விடுவார்கள். மறுநாள் வந்தால் பெஞ்சிலேயே தலை சாய்த்துத் தூங்குவார்கள். அடிக்காத குறையாகச் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் கமிட்டிப் பெரியவர் ஒருவர், நிலாவை நம்மால் நிறுத்த முடியாது டீச்சர், பள்ளிக்கூடத்தை நகர்த்திக்கலாம் என்றார். நகர்த்திவிட்டோம். அன்றிலிருந்து வருகைப் பதிவு நன்றாக இருக்கிறது.

மூன்று பௌர்ணமிக்கு ஒருமுறை, பௌர்ணமி கழிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமையில், வீட்டாள் கூட்டம். அதற்கும் ஒரு வழக்கம் உண்டு. மற்றப் பள்ளிகளில் பெற்றோர் கைகட்டி நிற்க, ஆசிரியர் உட்கார்ந்துகொண்டு புகார் படிப்பார். எங்கள் பிள்ளைகளின் வீட்டாட்கள் வாழ்க்கை முழுக்க யார் முன்னாலாவது கைகட்டி நின்றவர்கள். அதனால் இங்கே வீட்டாள் பிள்ளையின் இடத்தில், அந்தப் பெஞ்சிலேயே உட்கார வேண்டும். பிள்ளை அவருக்குப் பின்னால் நிற்கும். ஆசிரியர் எதிரில் நின்றுகொண்டு பதில் சொல்ல வேண்டும். முதல் கேள்வி வீட்டாளுடையது. எனக்கு முட்டி வலி, அரை நாள் நின்றால் வீட்டுக்குப் போய் காலைத் தூக்க முடியாது. இருந்தாலும் அந்த நாளை நான் ஒருமுறையும் தவறவிட்டதில்லை.

கிரிவலப் பாதையில் இட்லிக்கடை வைத்திருக்கிற அம்மா ஐந்து பிள்ளைகளுக்கு வீட்டாள். ஐந்து பெஞ்சிலும் மாறி மாறி உட்காருவார். ஒவ்வொன்றிலும் ஒரே கேள்விதான்: "எந்த வாத்தியார் எம்புள்ளய அடிக்கறாரு?" யாரும் அடிக்கவில்லை என்று சொன்னால் ஏமாற்றம்போல முகம் வாடும், சண்டைக்கு அவ்வளவு தயாராக வந்திருப்பார். ஒரு பையனுக்கு அப்பா இருக்கிறார், ஆனால் காவி கட்டிக்கொண்டு மலை சுற்றப் போய்விட்டார். பாதையில் எதிர்ப்பட்டால் பையன் அவருக்குக் காசு வாங்காமல் ஒரு தண்ணீர் பாட்டில் கொடுப்பான், அவர் அவனுக்கு விபூதி கொடுப்பார். கூட்டத்துக்கும் ஒருமுறை வந்தார். எல்லாம் ஈசன் செயல் என்று சொல்லிக் கேள்வி எதுவும் கேட்காமல் உட்கார்ந்திருந்தார். இட்லிக்கார அம்மா பின்னாலிருந்து, ஈசன் செயல்னா ஈசனே வந்து வாய்ப்பாடு ஒப்பிக்கட்டும், நீ ஒழுங்கா கேளு என்று அதட்டிய பிறகுதான் பையனின் ஆங்கிலத்தைப் பற்றிக் கேட்டார்.

நான் சொல்ல வந்தது இரண்டு அக்கா தங்கையைப் பற்றி.

சின்னவளுக்கு அப்போது பத்து வயது, எங்களிடம் ஐந்தாவது படித்தாள். பெரியவளுக்குப் பதினேழு. அப்பா சாலை விபத்தில் போனார். அம்மா அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சலில் போனாள். சொந்தக்காரர்கள் கூடிப் பேசி, சின்னவளை வேறு ஊரில் ஒரு ஹோமில் சேர்ப்பது என்றும், பெரியவளைத் தங்களோடு அழைத்துப் போவது என்றும் முடிவு செய்தார்கள். பெரியவள் அப்போது ஒன்பதாம் வகுப்பை முடித்திருந்தாள். பள்ளியை விட்டுவிட்டு வீட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். என் தங்கச்சி எங்கேயும் போகமாட்டாள் என்று சொல்லிவிட்டாள். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஜாதி அவள். முதலில் பக்கத்து வீட்டாருக்குப் பூ கட்டிக் கொடுத்தாள். பிறகு செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் அறை பெருக்கி, படுக்கை விரிப்பு துவைக்கிற வேலைக்குப் போனாள். கோயிலுக்குப் பின்னால் அம்மா அப்பா விட்டுப்போன ஒற்றை அறை வீட்டில் இருவரும் இருந்தார்கள்.

சின்னவளுக்கு வீட்டாளாக அவள் முதல் கூட்டத்துக்கு வந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அம்மாவின் புடவையைக் கட்டி, நழுவாமல் இருக்கக் கண்ட இடத்தில் எல்லாம் ஊக்கு குத்தி, தலையைக் கொண்டை போட்டுக்கொண்டு வந்திருந்தாள். பெரிய மனுஷி வேஷம் போட்ட சின்னப் பெண் என்று எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. பெஞ்சில் உட்கார்ந்து கேள்வி கேட்க ஆரம்பித்ததும் சிரிப்பு போய்விட்டது. எழுத்து எப்படி இருக்கிறது, யாரோடாவது சண்டை போடுகிறாளா, மத்தியானம் சோறு முழுக்கச் சாப்பிடுகிறாளா, பொய் சொல்கிறாளா. வரிசையாகக் கேட்டாள். சின்னவள் பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது பெரியவள் கடைசியாக ஒன்று கேட்டாள்.

"இவளை எது வரைக்கும் படிக்க வெக்கலாம் டீச்சர்?"

நன்றாகப் படிக்கிறவள், அவள் விரும்புகிற வரைக்கும் வைக்கலாம் என்றேன்.

"எவ்ளோ வேணாலும் படிக்கட்டும். நான் பாத்துக்கறேன்" என்றாள்.

ஒவ்வொரு கூட்டத்திலும் இதே கேள்வி, இதே பதில். மற்ற வீட்டாட்கள் கிளம்பிய பிறகும் அவள் மட்டும் பெஞ்சை விட்டு எழுந்திருக்க மாட்டாள். டெஸ்க்கைத் தடவுவாள், கரும்பலகையில் மீதி இருப்பதைப் படிப்பாள். வேலை அலுப்பு, உட்கார்ந்து இளைப்பாறுகிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

எங்கள் பள்ளியில் ஒரு அலமாரி உண்டு. பத்தாவது முடித்து வெளியே போன பிள்ளைகள் கொடுத்துவிட்டுப் போன பாடப் புத்தகங்கள் அதில் இருக்கும். ஒரு மழை நாளில் அதை ஒழுங்குபடுத்தும்போது பத்தாம் வகுப்பு அறிவியலைக் காணோம். கணக்கையும் காணோம். இரண்டு நாள் கழித்து கணக்கு திரும்பி வந்திருந்தது, சமூக அறிவியல் போயிருந்தது. வந்த புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன், ஓரம் ஈரம் பட்டுக் காய்ந்து அலை அலையாக இருந்தது. சோப்பு வாசனை அடித்தது. யார் எடுத்தது என்று விசாரித்தபோது, எடுத்தது சின்னவள் என்று மற்றப் பிள்ளைகள் ஒரே குரலில் காட்டிக்கொடுத்தார்கள். பிள்ளைகள் இந்த விஷயத்தில் இரக்கமே இல்லாதவர்கள்.

அவளைக் கூப்பிட்டு நிறுத்தி, ஐந்தாங்கிளாஸ் படிக்கிற உனக்குப் பத்தாங்கிளாஸ் அறிவியல் எதற்கு என்று கேட்டேன். படம் பார்க்க என்றாள். சரி, புத்தகம் எங்கே, காட்டு என்றேன். பொய் சொன்னால் அக்காவுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் அவளுக்கு என் மேலிருந்த பயத்தைவிட ஜாஸ்தி.

"புஸ்தகம் வேலைக்குப் போயிருக்கு டீச்சர்" என்றாள்.

பிறகுதான் முழுக் கதையும் வந்தது. அக்கா கெஸ்ட் ஹவுஸ் மொட்டை மாடியில் விரிப்புகளைக் காயப் போட்டுவிட்டு, அவை காய்கிற வரைக்கும் கொடிக்கு நடுவில் நிழல் பார்த்து உட்கார்ந்து படிக்கிறாள். அக்கா கேட்கவே இல்லை. ஒருநாள் யாரோ வெள்ளைக்காரர் அறையில் விட்டுப்போன மருந்துப் பெட்டிக் காகிதத்தை அக்கா எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, இவளாகவே அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்திருக்கிறாள். எடுத்துக்கொண்டு போகிறவள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் நீங்கள் அக்காவைக் கூப்பிட்டுப் பேசுவீர்கள், அக்கா வெட்கப்பட்டுப் படிப்பதை நிறுத்திவிடுவாள் என்றாள். பத்து வயதில் அவளுக்கு என்னைப் பற்றியும் அக்காவைப் பற்றியும் நன்றாகத் தெரிந்திருந்தது.

அவள் சொன்னபடியே நான் செய்தேன். பெரியவளைக் கூப்பிட்டேன்.

அடுத்த வருடம் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதலாம் என்றும், ஏற்கெனவே அப்படி எழுதப் போகிற நாலைந்து பேருக்கு மத்தியான வகுப்பு நடக்கிறது என்றும், அவளும் வந்து உட்காரலாம் என்றும் சொன்னேன். வருவாள் என்றுதான் நம்பினேன். கரும்பு தின்னக் கூலியா என்று நினைத்தேன். அவள் முகம் கறுத்துவிட்டது. முதலில் தங்கையைப் பார்த்து ஒரு முறை முறைத்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள். தான் பெஞ்சில் உட்கார்ந்தால் வேலை என்ன ஆவது, அடுப்பு என்ன ஆவது என்றாள். வேலை நேரத்தை நாங்கள் பேசிப் பார்க்கிறோம், காலைச் சாப்பாட்டை இட்லிக்கார அம்மா பார்த்துக்கொள்வார் என்றேன். தன் பிள்ளைகளைப் பார்க்க வந்திருந்த அந்த அம்மாவும் அங்கேயே நின்று, அஞ்சு பேரோட இன்னும் ரெண்டு பேருக்கு ஊத்தறது ஒரு பெரிய விஷயமா என்றார். பெரியவளுக்குச் சாக்குகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்துகொண்டு வந்தன. நான் வெற்றி பெற்றுவிட்டேன் என்று நினைத்த நேரத்தில் அவள் எங்கள் விதியையே எடுத்து எங்கள் மேல் வீசினாள்.

"வீட்டாள் இல்லாம இங்க யாரையும் சேக்க மாட்டீங்க இல்ல? எனக்கு யாரும் இல்லீங்க. உங்க ரூல்ஸ்தான்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அந்த விதியே யாரும் தனியாக விடப்படக் கூடாது என்பதற்காக வைத்தது. அதை வைத்தே ஒருத்தி வெளியே நிற்கிறாளே என்று ஆத்திரமாக வந்தது. நானே உனக்கு வீட்டாள் என்றேன். இட்லிக்கார அம்மா, நான் எதுக்கு இருக்கேன் என்றார். கணக்குச் சொல்லித் தருகிற இளைஞர்கூட, வேண்டுமென்றால் என் அம்மாவை அழைத்து வருகிறேன் என்றார். அவள் எல்லாருக்கும் தலையசைத்துக் கும்பிட்டாள். மரியாதை குறையவே இல்லை.

"நீங்க எல்லாரும் நல்லவங்க. ஆனா நீங்க திட்டினா எனக்கு வலிக்காது. திட்டினா வலிக்கணும், அவங்கதான் வீட்டாளு."

அவள் சாவியை இடுப்பில் சரியாகச் செருகிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

அவளை எது தடுக்கிறது என்று நான் அன்றிரவெல்லாம் கணவரிடம் புலம்பினேன். அவர் பாட்டுக்குச் சாப்பிட்டார். எனக்கே மெல்ல மெல்லத்தான் விளங்கியது. அந்த வீட்டில் அவள்தான் அம்மா, அவள்தான் அப்பா. பெஞ்சில் உட்கார்ந்து கேள்வி கேட்டவள், நாளை பெஞ்சுக்குப் பின்னால் நின்று தலைகுனிய வேண்டும். எல்லாம் மறந்துபோயிருந்தால்? தங்கையின் கண்ணெதிரே பரீட்சையில் தோற்றால்? இனி தங்கையை அதட்டுகிற உரிமை எங்கே இருக்கும்? தான் படிப்பை விட்டதால் தங்கை கூடவே இருக்கிறாள். மறுபடி படிப்பைத் தொட்டால் அந்தப் பேரம் கெட்டுவிடுமோ என்று பயம். அடுத்த தை மாதத்துக்குள் பெரியவளுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட வேண்டும் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டிருப்பதாக இட்லிக்கார அம்மா வேறு காதில் போட்டார். பதினெட்டு முடிந்தால் போதும், அவர்களுக்கு அவசரம். இந்த வருடம் பெஞ்சில் உட்காராவிட்டால் அவள் எப்போதும் உட்காரப் போவதில்லை என்பது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதைத்தான் பேசினோம். வேலைக்கு ஆகாத யோசனைகள் நிறைய வந்தன. அந்த நேரத்தில் சின்னவள் கொட்டகைக்குள் வந்தாள். தலை வாரி, பொட்டு வைத்து, ஒரு விண்ணப்பம் கொடுக்க வந்தவளைப் போல நின்றாள். பெரியவர்கள் பேசுகிற இடத்தில் உனக்கென்ன வேலை என்று நான்தான் அதட்டினேன்.

"அக்காவுக்கு நான் வீட்டாளு" என்றாள்.

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நானும்தான். அவள் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. சிரிப்பு அடங்குகிற வரைக்கும் காத்திருந்து, வழக்கறிஞரைப் போல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"திட்டினா வலிக்கணும்னு அக்காதான் சொல்லுச்சு. நான் திட்டினா அதுக்கு வலிக்கும். போன வாட்டி நான் பேசாம இருந்தப்ப அது ரெண்டு வேளை சோறு துன்னல."

சின்னப் பிள்ளை வீட்டாளாக இருக்கலாமா என்று கமிட்டியில் ஒருவர் இழுத்தார். வீட்டாளுக்கு இத்தனை வயது என்று நாம் எங்கேயாவது சொன்னோமா என்று இட்லிக்கார அம்மா கேட்டார். சொல்லவில்லை. பிள்ளை தேர்ந்தெடுக்க வேண்டும், ஆள் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான் நாங்கள் சொன்னது. ஆள் சம்மதித்து நின்றுகொண்டிருந்தது. இனி பிள்ளை சம்மதிக்க வேண்டும்.

வீட்டில் என்ன நடந்தது என்று எனக்கு முழுதாகத் தெரியாது. சின்னவள் ஒருநாள் வாய் திறக்காமல் இருந்ததாகவும், அடுத்த நாள் ஒரேயடியாகத் திட்டியதாகவும் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். "இன்னாத்துக்குப் பயப்படற? நான் இல்ல?" என்று தங்கை கத்தியது தெருவுக்கே கேட்டதாம். பௌர்ணமி லீவு முடிந்து பள்ளி திறந்த அன்று மத்தியானம் பெரியவள் வந்தாள். புடவை இல்லை, சுடிதார். கொண்டையும் இல்லை, ஒற்றைப் பின்னல். கையில் எங்கள் அறிவியல் புத்தகம். அதைத் திருப்பிக் கொடுக்க வந்தவளைப் போல என்னிடம் நீட்டினாள். வைத்துக்கொள், உனக்குத்தான் வேண்டும் என்றேன். எங்கே உட்காருவது என்று கேட்டாள். அவளை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஜன்னல் ஓரமாக உட்கார் என்று வழக்கமான சிடுசிடுப்போடு சொல்லிவிட்டுப் போனேன்.

கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிற அம்மாவிடம் நானும் இட்லிக்கார அம்மாவும் போய்ப் பேசினோம். சண்டைக்குத் தயாராகத்தான் போனோம். அந்த அம்மா, காலையில் வந்து துவைத்துவிட்டுப் போகட்டும், மத்தியானம் எனக்கு ஆள் இருக்கிறது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். இட்லிக்கார அம்மாவுக்குத்தான் வரும் வழியெல்லாம் வருத்தம். எவ்வளவு பேச வேண்டும் என்று யோசித்து வைத்திருந்தாராம்.

படிப்பு லேசில் வரவில்லை. கணக்கு அவளை அழ வைத்தது. இரண்டு மூன்று நாள் வராமல் நின்றாள். அப்போதெல்லாம் சின்னவள் மத்தியானச் சோற்றை அவசரமாக முடித்துவிட்டு எங்கோ ஓடுவாள். சற்று நேரத்தில் அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவாள். வழியில் என்ன திட்டினாள் என்று நாங்கள் கேட்பதில்லை.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

காலை கூட்டம் தொடங்கும்போது பெரியவள் சின்னவளுக்கு வீட்டாளாக உட்கார்ந்து வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். வழக்கம்போலக் கடைசிக் கேள்வியும் கேட்டாள், வழக்கமான பதிலையும் சொன்னாள். அது ஐந்தாம் வகுப்பு. அது முடிந்ததும் சின்னவள் மெதுவாக நழுவி வெளியே போனாள். நான் பத்தாம் வகுப்புப் பெஞ்சுகளுக்கு வந்தபோது அவள் வாசலில் நின்றிருந்தாள். அம்மாவின் புடவையை இரண்டாக மடித்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். கண்ட இடத்தில் எல்லாம் ஊக்கு. தலையில் கொண்டை போட முயன்று பாதியில் அவிழ்ந்து தொங்கியது.

அறை முழுக்கச் சிரிப்பு வரப் பார்த்தது. இட்லிக்கார அம்மா சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. பத்தாம் வகுப்புப் பெஞ்சுகள் ஒரு பெரிய பள்ளி கழித்துக் கட்டியவை, உயரம் ஜாஸ்தி. புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் ஏறி உட்கார்ந்தாள். கால் தரையில் எட்டவில்லை. பெரியவள் அவளுக்குப் பின்னால் போய், மற்றப் பிள்ளைகளைப் போலவே தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

நான் எதிரில் போய் நின்றேன். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்கே தெரியவில்லை.

எழுத்து எப்படி இருக்கிறது என்று சின்னவள் கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றேன். யாரோடாவது சண்டை போடுகிறாளா என்றாள். இல்லை என்றேன். மத்தியானம் சோறு முழுக்கச் சாப்பிடுகிறாளா என்றாள். இல்லை, ராத்திரி உனக்குக் கொடுக்கப் பாதியை டப்பாவில் எடுத்து வைக்கிறாள் என்று நான் உண்மையைச் சொன்னேன். அவள் திரும்பி அக்காவை ஒரு முறை முறைத்தாள். அது அப்படியே அக்காவின் முறைப்பு. பெரியவளின் கழுத்து இன்னும் குனிந்தது. திட்டு நிஜமாகவே வலித்தது என்பதை நான் பார்த்தேன். பிறகு கணக்கைப் பற்றிக் கேட்டாள். கொஞ்சம் கஷ்டப்படுகிறாள், விடாமல் வந்தால் தேறிவிடுவாள் என்றேன். விடாமல் வருவாள் என்று எனக்கு உறுதி சொன்னாள்.

பெஞ்சிலிருந்து இறங்கப் போனாள். நாங்களும் முடிந்தது என்று நினைத்தோம். பாதி இறங்கியவள் ஞாபகம் வந்தவளைப் போல மறுபடி ஏறி உட்கார்ந்தாள்.

"இவளை எது வரைக்கும் படிக்க வெக்கலாம் டீச்சர்?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் அதற்குக் காத்திருக்கவில்லை.

"எவ்ளோ வேணாலும் படிக்கட்டும்" என்றாள். "நான் பாத்துக்கறேன்."

அம்மா போன நாளிலிருந்து அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டே இருந்தவள் பெரியவள். அவளைப் பார்த்து அதை யாரும் சொன்னதில்லை. அவள் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. கையை மட்டும் நீட்டி, தங்கையின் அவிழ்ந்த கொண்டையை மெல்ல எடுத்து முடிந்துவிட்டாள்.